பழுது எனக் குறிக்கப்பட்ட நொடி

துர்குவில் நவம்பர் என்றால்
மூன்றரை மணிக்கே தெருவிளக்கு.
ஆற்றோரத்துக் காதுகேளாதோர் சங்கத்தின்
மாடிக் கூடத்துக் கூரையில்
நான்கு கேமராக்களைத் திருகினோம்,
ஏணியில் வெய்யோ,
கீழே திருகாணிகளோடு நான்.
வியாழக்கிழமைக் காப்பி, ஏலக்காய் ரொட்டி,
ஒப்புதல் தாளில் இருபத்தாறு கையெழுத்து.

நிரல் எளிது.
தலை எந்தப் பக்கம், தோள் எந்தப் பக்கம்,
அங்கிருந்து ஓர் அம்பு.
அம்புகள் கூடும் இடத்தில் ஒரு வட்டம்.
வட்டத்துக்குள் இருந்தால் குழு,
வெளியே நின்றால் தனி.
ஒன்றரை மீட்டருக்கு அப்பால்
யாரும் யாரோடும் பேசுவதில்லை என்று
அதற்கு எவர் சொன்னது?
ஏதோ ஒரு பல்கலைக்கழக விருந்து.
கையில் கோப்பையோடு நூறு பேர்,
எல்லோரும் காது கேட்கிறவர்கள்.
குரல் எட்டாத இடத்தை
உலகத்தின் விளிம்பென்று
கற்றுக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

முதல் வாரத்து விடை:
பதினொரு பேர் தனி.
பதினொரு சாம்பல் புள்ளிகள்.
"பாவம்" என்றான் வெய்யோ.

புள்ளி ஏழு, ஜன்னலோரம்,
ஊதா ஸ்வெட்டர், இர்மெலி.
புள்ளி பத்தொன்பது, மறுகோடியில்
காப்பிச் சாடியருகே அவுலிஸ்.
நடுவே பன்னிரண்டு மீட்டர்,
ஒன்பது நாற்காலி,
குறுக்கே போய்வரும் தட்டுகள்.
படத்தை நான்கு முறை ஓட்டிய பிறகுதான் தெரிந்தது,
நாற்பது நிமிடமாக
இருவருக்கும் வாக்குவாதம்.
சங்கத்துப் படகை விற்பதா, வேண்டாமா.

காதும் காதும் வைத்தாற்போல்
இங்கே எதையும் பேச முடியாது.
கூடத்துக்கே தெரியும் அந்தப் படகு.
நிரலுக்கு மட்டும் தெரியவில்லை.
அவுலிஸின் வேகம் கூடும்போது
ஒருமுறை விழித்துக்கொண்டு
சிவப்பில் எழுதியது: கைகலப்பு.
சொல்லளவில் பாதி சரி.

தோற்கிற கட்டம் வந்தால்
இர்மெலி கண்ணை மூடிக்கொள்வார்.
பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடாது,
அவுலிஸ் இருண்டுவிடுவார்.
பாதி வாக்கியத்தில்
அவர் கை அந்தரத்தில் நிற்கும்.
அப்போது திரையில் இர்மெலிக்கு நேரே:
கவனம், பூஜ்யம்.
அந்த அறையில் அவ்வளவு கவனமாக
வேறு யாரும் எதையும் செய்யவில்லை.

நாலாம் வாரம்
கழிக்க வேண்டிய சட்டங்களின் பட்டியலை
அழிக்குமுன் சும்மா திறந்தேன்.
ஐந்து பதினேழு, இருபத்திரண்டாம் வினாடி.
ஒளி திடீர் மாற்றம். கேமராப் பழுது. நீக்கவும்.

செயலாளர் தூலிக்கி
கதவோரத்து ஸ்விட்சை
இரண்டு தரம் தட்டியிருக்கிறார்.
அணைந்து எரிந்து
அணைந்து எரிய
இருபத்தாறு தலையும் ஒரே பக்கம்.
ரொட்டி வாயருகே நின்றது.
படகு நின்றது.
மூடிய இமைக்குள்ளும் வெளிச்சம் தட்டி
இர்மெலி கண் திறந்திருந்தார்.

ஏழு மாதமாக நாங்கள் தேடிய படம்,
எல்லா அம்பும் ஒரே புள்ளியில்.
அதைத்தான்
பார்க்க லாயக்கில்லை என்று
ஓரங்கட்டியிருந்தது.

தூலிக்கி சொன்ன செய்தி பெரிதில்லை.
யாருடையதோ சிவப்புக் கார்
பால் வண்டியை மறித்து நிற்கிறதாம்.

கடைசி நாள் இர்மெலியிடம் திரையைக் காட்டினேன்.
மொழிபெயர்ப்பாளர் வரத் தாமதம்.
சாம்பல் புள்ளியைத் தொட்டு
'தனியாக' என்று கையால் சொல்லிப் பார்த்தேன்.
தப்பான கை. என் கட்டைவிரலைப் பிடித்து
மடக்கி வைத்தார்.
பிறகு என் தலைக்கு மேலே
அவுலிஸுக்கு என்னவோ சொன்னார்.
அவுலிஸ் பதில் சொன்னார்.
கூடம் முழுக்கச் சிரித்தது, என்னைப் பற்றித்தான்.
நான் குனிந்து கேபிளைச் சுருட்டினேன்.

அன்றைய பதிவில் நிரல்
ஒன்றைப் பிழையில்லாமல் சொல்லியிருந்தது:
கூடத்தின் நடுவே, குனிந்திருக்கும் ஆள்,
தனி.

படகை இன்னும் விற்கவில்லை.